பன்னிரண்டு மணி நேரப் பகல்

மலேசியாவின் பகாவ் ஊரில், எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு)ப் பின்னால் ஒரு தெலுங்குப் பாட்டி வேலியோரமாகக் கீரைப் பாத்தி போட்டிருக்கிறார். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்துப் பழக்கம், விட முடியவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்கிள், பாட்டி வீட்டு வேலியில இது நிக்குது, பாத்தீங்களா?" என்றான். ஐந்து விரலை விரித்தது போல ஓர் இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். கஞ்சா என்று அவன் பயந்ததில் தப்பில்லை.

நேரில் போய்ப் பார்த்தேன். தண்டைத் தடவினால் கையில் பொடி முள் குத்துகிறது. கீழ் இலைகள் பிளவே இல்லாமல் முழுசாக இருக்கின்றன, மேலே போகப் போகத்தான் விரல் பிரிகிறது. பிரிந்த விரல்களும் அடியில் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. கஞ்சாவில் ஒவ்வொரு விரலும் தனிச் சிற்றிலை, காம்பு முனை வரை பிரிந்திருக்கும். இது புளிச்சைக்கீரை. தாவரவியலார் வைத்த பெயர் ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். கஞ்சாவின் சாயலில் இலை இருப்பதால்தான் அந்தப் பெயரே. உறவு ஒன்றும் கிடையாது, இது செம்பருத்திக் குடும்பம்.

பையனுக்குப் பயம் தெளிந்ததும் கேள்வி பிறந்தது. "தாய்லாந்துல விளையுது, ஆச்சேயில மலை மலையா விளையுதாம். நம்ம மண்ணு குச்சி நட்டாலே துளிர்க்கிற மண்ணாச்சே, இங்க மட்டும் ஏன் இல்ல?"

முதல் பதில் எல்லோருக்கும் தெரிந்தது. மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்படி கஞ்சாச் செடி வளர்ப்பது ஆயுள் சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கக்கூடிய குற்றம். 200 கிராமோ அதற்கு மேலோ கையில் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். 2023இல் கட்டாயத் தூக்கு நீங்கினாலும், தூக்கு என்ற தண்டனை நீதிபதியின் கையில் இன்னும் இருக்கிறது. சரி, அது சட்டம். பையன் கேட்டது அதையல்ல. சட்டமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்தச் செடி இங்கே ஒழுங்காக விளையுமா என்றுதான் கேட்டான். தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) உரக் கணக்கும் மழைக் கணக்கும் எழுதிய எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது.

மண்ணிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் மண்ணைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

நம் தோட்டத்து மண் செழிப்பானது என்பது ஒரு பெரிய கட்டுக்கதை. பச்சைப் பசேலென்று இருப்பதைப் பார்த்து வந்த எண்ணம் அது. தீபகற்பத்து மேட்டு நிலம் பெரும்பாலும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழையில் ஊறி, சத்தெல்லாம் கழுவப்பட்டுப்போன செம்மண், மஞ்சள் மண். கருங்கல் சிதைந்து வந்த மண்ணுக்கு ரெங்கம் வரிசை என்று பெயர், களிக்கல்லிலிருந்து வந்ததற்கு முஞ்சோங் வரிசை, சரளை நிறைந்ததற்கு மலாக்கா வரிசை. அமிலக் கணக்கு (pH) நாலரையைச் சுற்றியே நிற்கும். அந்த அமிலத்தில் அலுமினியம் கரைந்து வெளியே வந்து வேர் நுனியைக் கருக்கும். பாஸ்பேட் போட்டால் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குக் கொடுக்காது.

பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் இதைச் சகித்துக்கொள்ளும் ஜாதி. கஞ்சா அப்படியில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட மண்தான் அதற்குப் பிடிக்கும். தண்ணீர் நிற்காமல் வடிய வேண்டும், மக்கு நிறைய வேண்டும். ஆற்று வண்டல், மலைச்சரிவுப் பொலபொலப்பு மண், பழைய கால்நடைக் கொட்டடி ஓரம் என்று அது தானாக முளைக்கும் இடங்களைப் பார்த்தாலே ருசி தெரியும். மனிதன் தங்கி எருப்போட்ட இடத்தைத் தேடி வரும் செடி.

ஆனால் மண் குறைபாடு ஒரு பெரிய தடையா? தோட்டத்தில் வேலை பார்த்த எவரும் இல்லை என்றே சொல்வார்கள். நாம் 100 ஆண்டுக்கு மேலாகச் செய்துவந்த வேலையே அதுதான். டோலமைட் சுண்ணாம்பு போட்டோம். கிறிஸ்மஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட்டை மூட்டை மூட்டையாக இறக்கினோம். மூடுபயிர்க் கொடி படரவிட்டு நைட்ரஜன் ஏற்றினோம். மண்ணைத் திருத்தலாம், பணமும் ஆளும் இருந்தால் போதும். ஒரே ஒரு மண்ணைப் பற்றித்தான் எச்சரிக்கை சொல்வேன்: பழைய ஈய லம்பத்து (சுரங்கத்து) மணல். கஞ்சா இனம் மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சி உடம்பில் ஏற்றிக்கொள்ளும். செர்னோபில் சுற்றுவட்டாரத்தில் மண்ணைச் சுத்தம் செய்ய 1990களின் பிற்பகுதியில் இதன் நார்வகையை நட்டுச் சோதித்ததும் இந்தக் குணத்தால்தான்.

மண்ணைத் திருத்தலாம். வானத்துக்குச் சுண்ணாம்பு போட முடியாது. உண்மையான தடை மேலேதான் இருக்கிறது.

1912 வாக்கில் பாரிசில் ஜூலியன் தூர்னுவா என்ற இளம் தாவரவியலார் சணல் கஞ்சாவையும், பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடியின் ஜப்பானிய உறவையும் வளர்த்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலில் விதைத்தவை சின்னஞ்சிறு செடியாக இருக்கும்போதே பூத்துவிட்டன. சூடா, சத்தா என்று பார்த்தார், இரண்டும் காரணமில்லை. பகல் நீளம்தான் காரணம் என்று எழுதிவைத்தார். 1914இல் போரில் செத்துப்போனார். அப்புறம் 1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு இருவரும் புகையிலையையும் சோயாவையும் வைத்து இதை விதியாகவே நிறுவினார்கள், பெயர் அவர்களுக்குப் போனது. தொடங்கிவைத்தது கஞ்சாச் செடிதான்.

விதி எளிது. பகல் நீளமாக இருக்கும்வரை கஞ்சா வளர்ந்துகொண்டே இருக்கும். பகல் குறைந்து, இரவு ஒரு அளவைத் தாண்டி நீண்டால், வளர்ச்சியை நிறுத்திப் பூக்கத் தொடங்கும். எந்த அளவில் என்பது வகைக்கு வகை மாறும், ஆனால் பன்னிரண்டு மணி நேரப் பகல் என்பது ஏறக்குறைய எல்லா வகைக்கும் பூக்கச் சொல்லும் மணிச் சத்தம்.

இப்போது எங்கள் ஊரைப் பாருங்கள். பகாவ் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைக்கும் குறைவான தூரம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் 20 நிமிடந்தான் வித்தியாசம். ஜனவரியானாலும் ஜூனானாலும் பன்னிரண்டு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. ஆப்கானிஸ்தானத்து இந்துகுஷ் மலையிலோ வட கலிபோர்னியாவிலோ ஜூன் மாதப் பகல் பதினான்கரை முதல் பதினைந்து மணி நேரம் வரை போகும். அங்கே வசந்தத்தில் விதைத்தது கோடை முழுக்க ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து, இலையுதிர் காலத்தில் பூக்கும். அந்த விதை நம் வானத்தின்கீழ் வந்தால் முளைத்துச் சில வாரத்திலேயே மணி அடித்துவிடும். முழங்கால் உயரத்தில் பூத்து முடிந்துபோகும்.

கொலம்பியாவின் கௌக்கா மாநிலத்தில் கொரிந்தோ என்று ஓர் ஊர் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே, கிட்டத்தட்ட எங்கள் ஊர் இருக்கும் அதே கோட்டில். அங்கே இரவில் மலைச்சரிவைப் பார்த்தால் தீபாவளி மாதிரி இருக்கும். வரிசை வரிசையாக மின்விளக்குகள். ஊர் கிடையாது, கஞ்சாத் தோட்டம். இரவைக் குறைத்து ஏமாற்றாவிட்டால் செடி வளராது என்பதால் அந்த விளக்குகள். திறந்தவெளிப் பயிர் என்றாலே சூரியனை மட்டும் நம்புவது என்று நினைக்கிறோம். நிலநடுக்கோட்டில் சூரியனும் போதவில்லை.

அப்படியானால் ஆச்சே? நியாயமான கேள்வி. சுமத்ராவின் வடகோடி, நீரிணைக்கு அந்தப் பக்கம். காயோ மலைநாட்டுத் தக்கெங்கோன் நகரமும் நம் ஈப்போவும் ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. பகல் நீளத்தில் ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை. ஆனால் தக்கெங்கோன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம், எரிமலைச் சாம்பல் கலந்த மண், நல்ல அரபிக்கா காப்பி விளையும் குளிர். பல தலைமுறையாக அங்கேயே விதை எடுத்து, அங்கேயே விதைத்து, பன்னிரண்டு மணி நேரப் பகலிலும் அவசரப்படாமல் மாதக்கணக்கில் வளர்ந்து மெதுவாகப் பூக்கும் வகை நிலைத்துவிட்டது. வெப்பமண்டலத்து வகைகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான்: மெல்லிய இலை, ஒல்லியான உயரம், பூத்து முற்றுவதற்கு நாலைந்து மாதம். இந்துகுஷ் வகை அகல இலையும் குட்டை உடம்பும் கொண்டு, பனி வருமுன் சட்டென்று முடித்துக்கொள்ளும்.

ஆக பகல் நீளம் மட்டுமே தடை என்றால் நம் கேமரன் மலை போதுமே என்று தோன்றும். இங்கேதான் இரண்டாவது தடை வருகிறது, என் கணக்கில் அதுவே பெரியது. மழை எவ்வளவு பெய்கிறது என்பது பொருட்டில்லை. மழை எப்போது நிற்கிறது?

இந்தச் செடியின் பூங்கொத்து அடர்ந்து, பிசுபிசுப்பாக, உள்ளே காற்றுப் புகாமல் இருக்கும். முற்றும் காலத்தில் ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சணம் உள்ளிருந்தே அழுகவைக்கும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், பிரித்தால் பொடிப்பொடியாக உதிரும். எனவே கஞ்சாவுக்குப் பெயர்போன ஊர்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், மண்ணில் ஒற்றுமை கிடையாது, உயரத்தில் கிடையாது, சூட்டிலும் கிடையாது. பூக்கும் காலத்தில் வானம் வெளுத்திருப்பது ஒன்றுதான் ஒற்றுமை.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி நவுகாவ். இன்றைய வங்கதேசத்தின் வடமேற்கில் உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் அரசு உரிமம் பெற்றுக் கஞ்சா பயிரிட்ட வட்டாரம், பெயரே கஞ்சா மகால். 1893-94இல் விசாரணை நடத்திய இந்தியக் கஞ்சா ஆணையம் அந்தப் பயிரை நுணுக்கமாகப் பதிவு செய்தது. தண்ணீர் தேங்காத மேட்டு நிலம், இலேசான மணல் கலந்த மண், சாண எருவும் புண்ணாக்கும். ஆகஸ்டில் நாற்றங்கால், செப்டம்பரில் நடவு, குளிர்காலம் முழுக்க வளர்ச்சி, ஆண்டுத் தொடக்கத்தில் அறுவடை. அந்தக் கால அட்டவணையை உற்றுப் பாருங்கள். பருவமழை ஓய்ந்ததும் செடி வயலுக்கு வருகிறது. பகல் பத்தரை மணி நேரத்துக்குச் சுருங்கும்போது பூக்கிறது. வங்கத்தில் மழை இல்லாத மாதங்களில் முற்றுகிறது. யாரும் பகல் நீளத்தைப் பற்றிப் படிக்கும் முன்பே விவசாயி கண்டுபிடித்து வைத்திருந்த அட்டவணை.

நவுகாவில் போத்தார் என்றொரு தொழிலாளி உண்டு. பூக்கும் தருவாயில் வயலுக்கு வந்து, ஒவ்வொரு செடியாகக் கணுவைப் பார்த்து, ஆண் செடியை மட்டும் ஒடித்துப்போட்டுக்கொண்டே போவார். கஞ்சாவில் ஆண் வேறு, பெண் வேறு செடி. மகரந்தம் பட்டால் பெண் பூ விதை பிடித்துப் பிசின் குறைந்துவிடும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் செம்பனையில் நேர்மாறு அல்லவா? ஒரே மரத்தில் ஆண்குலையும் பெண்குலையும் மாறி மாறி வரும், மகரந்தம் போதவில்லை என்று ஆட்களை வைத்துக் கையால் தூவினோம். 1981இல் கேமரூனிலிருந்து கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. ஒரு பயிரில் மகரந்தத்தைக் கொண்டுவர ஆள், இன்னொன்றில் வராமல் தடுக்க ஆள்.

சென்னை மாகாணத்திலும் உரிமத்தோடு பயிர் நடந்தது. இரண்டே இடத்தில்: ஒன்று ஆந்திரக் கரையில் தக்குபாடு, மற்றது வட ஆற்காட்டு ஜவ்வாது மலையடிவாரச் சந்தவாசல். நம் தாத்தாக்கள் பலர் வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறியவர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) கள்ளோடு 'பாங்' என்ற கஞ்சா இலைச் சரக்கையும் சேர்த்தே அரசு ஏலம் விட்டது. கள்ளுக்கடை தோட்டத்தோடு ஒட்டிக்கொண்டது, மற்றது போய்விட்டது. ஜமைக்காவுக்கு 1845க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களோ செடியையும் கொண்டுபோனார்கள், சொல்லையும் கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே அதன் பெயர் கஞ்சாதான். 18 பாகை வடக்கே, டிசம்பர் முதல் மார்ச் வரை காய்ந்த வானம். ஒட்டிக்கொண்டது.

தாய்லாந்துக்கு வருவோம். பையன் ஹட்யாயில் கடைக் கண்ணாடிப் புட்டியில் பார்த்த சரக்கில் நிறைய, குளிர்சாதன அறையில் விளக்கின் கீழ் வளர்ந்திருக்கும். அதற்கு மண்ணும் வானமும் கிடையாது, மின்கட்டணம்தான் உண்டு. (2022 ஜூனில் கட்டுப்பாடு நீங்கிய அந்த வியாபாரத்தை 2025 ஜூனில் மருத்துவச் சீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள்.) பழைய காலத்துத் தாய்க் கஞ்சா என்பது வடகிழக்கு இசான் மேட்டுநிலம், சக்கோன் நக்கோன் பக்கத்துப் பூ பான் மலைச்சரிவு. இசான் மண் சத்தில்லாத மணல், நம் மண்ணைவிட மோசம் என்றே சொல்லலாம். ஆனால் அக்டோபரில் மழை நின்றால் பிப்ரவரி வரை குளிர்ந்த காய்ந்த காற்று. மோசமான மண்ணும் நல்ல வானமும் சேர்ந்தால் பயிர் வருகிறது. இதுவே என் வாதத்துக்குப் போதும்.

மொராக்கோவின் ரிஃப் மலையும் அதே கதை: அரிப்பெடுத்த சரிவு, கோடையில் ஒரு துளி மழை கிடையாது. அங்கே பெல்தியா என்ற நாட்டு வகை மானாவாரியாகவே வரும். வெளியிலிருந்து வந்த கலப்பின வகைகள் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுகின்றன. 2021இல் மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கு அனுமதித்த பிறகு பெல்தியாவுக்குத் தனி மதிப்பு வந்திருக்கிறது. கலிபோர்னியா ஒருபடி மேலே போய், 2020இல் இயற்றிய சட்டத்தில், நிலத்தில் நேரடியாக நட்டு, கூரையோ செயற்கை விளக்கோ இல்லாமல் வளர்த்தால்தான் புவிசார் குறியீடு மாதிரியான முத்திரையைப் போட்டு விற்கலாம் என்றது. நம் பெந்தோங் இஞ்சி, சரவாக் மிளகு மாதிரி. அங்கும் கோடை மழை இல்லாததால் ஓடைத் தண்ணீரைத் திருப்பி, மீன் செத்து, அது வேறு வழக்கு.

உயர்ந்த மலையில் புற ஊதாக் கதிர் அதிகம், அதனால்தான் இமயமலைச் சரக்குக்கு வீரியம் என்று ஒரு பேச்சு உண்டு. 1980களில் ஓர் ஆய்வு அப்படிக் காட்டியது, பின்னால் வந்தவை அதை உறுதியாகத் தாங்கவில்லை. பாதி விளம்பரம் என்பது என் எண்ணம். இமாச்சலத்து மலானா கிராமம் 2,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது என்றால், அங்கே போலீஸ் போக நெடுங்காலம் பாதை இல்லை என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். இடுக்கி, ஆந்திர-ஒடிசா எல்லை மலைகள், ஆச்சே எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். வரைபடத்தில் கஞ்சா விளையும் இடங்கள் என்று குறித்தவற்றில் பாதி, அரசாங்கத்தின் கை எட்டாத இடங்கள்.

இப்போது நம் வானம். தீபகற்பத்தில் மழை அதிகமான ஊர் தைப்பிங், ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டும். மழை குறைந்த வட்டாரம் எங்களுக்குப் பக்கத்து ஜெலுபு, சுமார் 1,700. பகாவும் ஏறக்குறைய அதே ரகம். குறைவு என்கிறோமே, சென்னைக்கு ஆண்டு முழுக்க 1,400தான். அதுவும் சென்னை அதைச் சில மாதத்தில் வாங்கிக்கொண்டு மிச்ச மாதம் காயும். எங்களுக்கு எல்லா மாதமும் உண்டு. நான் எழுதிய மழைப் புத்தகத்தில் மழையால் பால்வெட்டு நின்ற நாள் இல்லாத மாதமே அபூர்வம். மழை இல்லாத நாளிலும் விடியற்காலை நிரையில் நடந்தால் கால்சட்டை முட்டிவரை நனையும். காற்றின் ஈரம் இரவில் 90 விழுக்காட்டைத் தாண்டும். பால்மர இலைக்கே ஆண்டுதோறும் ஒரு பூஞ்சணம், செம்பனை வேருக்கு கானோடெர்மா என்ற அழுகல் பூஞ்சணம். நாலைந்து மாதம் பூவோடு நிற்கவேண்டிய செடி எப்படித் தாங்கும்? கேமரன் மலை குளிர்ந்தாலும் மேகத்துக்குள்ளேயே கிடக்கிறது, அங்கே காய்கறிக்கே பிளாஸ்டிக் கூரை போடுகிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டென்றால் வடமேற்கு மூலை. கெடாவின் வடக்கிலும் பெர்லிசிலும் ஜனவரி, பிப்ரவரியில் நிஜமாகவே வானம் காயும். நாட்டின் உச்ச வெப்பமான 40.1 பாகை 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில்தான் பதிவானது. அந்தக் காய்ச்சலை நம்பித்தான் அங்கே ஒரு காலத்தில் கரும்புக் காடே இருந்தது. ஆனாலும் இரண்டு மாதம் வேறு, நாலு மாதம் வேறு.

பால்மரத்தின் கதை இதற்கு நேர் தலைகீழ். அமேசானில் இலைக் கருகல் நோய் அதை நெருக்கமாக நடவிடவில்லை. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, நோய் அவற்றோடு சேர்ந்து வரவில்லை. ஆண்டு முழுக்க மழையும் பன்னிரண்டு மணி நேரப் பகலும் அதற்குச் சொந்த வீட்டைவிட வசதியாகிவிட்டது. நம் ஊர் எல்லாச் செடிக்கும் ஏற்ற ஊர் என்று நாம் நம்பத் தொடங்கியது அந்த ஒரு மரத்தால்தான்.

பாட்டியிடம் திரும்பிப் போனேன், இலையைப் பார்த்துப் பையன் பயந்த கதையைச் சொல்ல. அவர் சிரித்துவிட்டு வேறொரு குறையைச் சொன்னார். "எங்க ஊர்லேர்ந்து தங்கச்சி மக கொண்டாந்த விதைப்பா. அங்க இடுப்பு உசரம் வரும், நாளெல்லாம் இலை கிள்ளலாம். இங்க முட்டிக்கு வர்றதுக்குள்ள பூத்துத் தொலைக்குது. மண்ணு சரியில்ல போல." கோழி எரு போட்டுப் பார்த்தாராம், சாம்பல் போட்டுப் பார்த்தாராம். ஒன்றும் நடக்கவில்லை.

புளிச்சைக்கீரையும் பகல் குறைந்தால் பூக்கும் ஜாதிதான். கிளந்தான், திரங்கானு கடற்கரை மணலில் நார் எடுக்கக் கெனாஃப் என்று நடுவதும் இதே செடி. சீக்கிரம் பூத்தால் நார் தேறாது என்பதால், நம் பகல் நீளத்துக்கு ஒத்துவரும் வகையைத் தேர்ந்தெடுத்துத்தான் நடுகிறார்கள். பாட்டியிடம் இதைச் சொல்ல முயன்றேன். "மண்ணுல தப்பில்ல பாட்டி, வெளிச்சத்துலதான்" என்றேன். மேலே ஒருமுறை பார்த்தார். "அத நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு, பூ விட்டிருந்த செடிகளைப் பிடுங்கிப் போட்டார். அதே பாத்தியில் விதையை நெருக்கமாகத் தூவினார். பூக்கவிடாமல், மூன்று வாரத்தில் வேரோடு பிடுங்கிச் சமைத்துவிடுவாராம்.